கருத்தும் கறுத்த விரலும்

பூட்ஸைக் கழற்றாமலேயே சாவது என்று மாஸ்டர் தீர்மானித்தபோது மணி காலை பதினொன்று பத்து. அவரிடம் பூட்ஸ் கிடையாது. ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அதிலும் வலது காலுக்கானது நேற்றிலிருந்து கட்டிலுக்கு அடியில் சும்மா கிடந்தது. இருந்தாலும் தீர்மானம் தீர்மானம்தான்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை, கட்டிங் மாஸ்டர். வீட்டின் முன்னறைதான் தையல் கடை. முப்பத்தொரு வருஷமாக அந்த அறையில் துணி வெட்டி, அங்கேயே மெஷின் மிதித்து, சொன்ன தேதிக்குச் சொன்ன சட்டையைக் கொடுத்தவர். ஒரு தேதி தவறியதில்லை. சட்டைக்கு ஏழு பொத்தான் என்றால் ஏழுதான். அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் என்றால் பன்னிரண்டுதான். பதின்மூன்றாவது விழுந்தால் பிரித்துவிடுவார். அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து துளைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைப்பாள். அவள் தைத்ததையும் எண்ணிப் பார்த்துத்தான் மடிப்பார்.

இப்படி எண்ணுகிற மனிதர், தம் வலது கால் கட்டைவிரலில் ஒடிந்த மெஷின் ஊசி ஒன்று ஆறு நாளாகக் குடியிருந்ததை அறியவில்லை. சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சி போய் இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் ஏதோ நாறுகிறது என்று மனைவி மூலை மூலையாகத் தேடினாள். எலி செத்திருக்கும் என்று இவரும் சேர்ந்து தேடினார். இரண்டு அலமாரியை நகர்த்தினார்கள். அவர் போகிற இடமெல்லாம் நாற்றமும் கூடவே வருகிறது என்று அவள்தான் கடைசியில் கண்டுபிடித்தாள்.

டாக்டர், அவள் காலில் சுற்றிவிட்டிருந்த துணிக்கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஊசியை எடுத்துத் தட்டில் போட்டார். 'டிங்' என்றது.

"கட்டைவிரலும் அதுக்குப் பக்கத்து விரலும் எடுத்தாகணும். நாளைக்கே வந்தாலும் சரி. தள்ளிப் போட்டா பாதம் போகும். அதுக்கும் மேல தள்ளிப் போட்டா..."

டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் மாஸ்டர் சொன்னார்: "முடியாது."

"என்னங்க முடியாது?"

"வெட்ட விட முடியாது. மெஷின் மிதிக்கிற கால் இது. கட்டைவிரல் இல்லாம எப்படி மிதிப்பேன்?"

"ரெண்டு விரல்தானே கேக்கறார்."

"இன்னிக்கு ரெண்டு விரல் கேப்பார். நாளைக்குப் பாதம் கேப்பார். ஊருக்கெல்லாம் முழுக்கால் சட்டை தைச்சவன் நான். கடைசியில எனக்கே அரைக்கால் சட்டைக்கு அளவெடுக்கச் சொல்றியா?"

"அரைக்கால் சட்டைன்னாலும் போட்டுக்க ஆள் வேணாமா?"

 பதில் இல்லாதபோது அவர் போனை எடுத்துக்கொள்வார். மறுநாள் காலையும் அவள் அதையே கேட்டாள். அவரும் போனை எடுத்துக்கொண்டார்.

போனில் ஒரு கௌபாய் படம் ஓடியது. யாரோ அதைத் தமிழ் பேச வைத்திருந்தார்கள். எல்லையில் ஒரு தூசி பிடித்த ஊர். அதில் சட்டம் ஒழுங்கைக் காக்க வந்த இரண்டு காவலர்கள், ஒரு பெரியவர், ஒரு சின்னவர். நூறு வருஷம் கழித்தும் இவர்கள் கதையை ஜனங்கள் பேசுவார்கள் என்று முதலிலேயே எழுதிக் காட்டினார்கள். பெரிய காவலருக்கு முழங்காலுக்குக் கீழே குண்டு பாய்கிறது. கால் அழுகுகிறது. ஊர் வைத்தியர் ரம்பத்தோடு வருகிறார். பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "நான் போகும்போது என் பூட்ஸும் என்னோடு வரும்" என்கிறார். இரண்டு பூட்ஸையும் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுகிறார். தெருவில் இறங்கி ஏழு பேரைச் சுடுகிறார். விழுகிறார். திரை இருட்டாகிறது. பெயர்கள் ஓடுகின்றன.

மாஸ்டர் போனை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொன்று பத்துக்கு எடுத்த தீர்மானம் இதுதான்.

படத்துக்குக் கீழே, பார்த்தவர்கள் தங்கள் கருத்தை எழுதியிருந்தார்கள். மொத்தம் முன்னூற்றுப் பதினெட்டு. மாஸ்டர் முதல் ஐந்தைப் படித்தார். "குதிரை நடிப்பு பிரமாதம். மனுஷங்கதான் சுமார்" என்றார் ஒருவர். "ரெண்டு மணி நேரத்துல ஒருத்தர்கூடக் குளிக்கல" என்று ஒரு பெண்மணி வருத்தப்பட்டிருந்தார். "நிஜக் காவலர்கள் இவ்வளவு நல்லவர்கள் இல்லை, வரலாற்றைப் படியுங்கள்" என்று ஒருவர் அதட்டியிருந்தார். "மீசைக்காகவே ரெண்டாம் தடவை பார்த்தேன்" என்றது நாலாவது. ஐந்தாவது, "முடிவை யாரும் வெளியே சொல்லாதீங்க, ப்ளீஸ்" என்று கையெடுத்துக் கும்பிட்டது.

ஆறாவதைப் படிக்கவில்லை. தம்முடையதை எழுத ஆரம்பித்துவிட்டார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடிக்க ஒரு மணி ஐந்து நிமிஷம் ஆனது.

"ஆறு குண்டு போடும் துப்பாக்கியால் பெரிய காவலர் ஒன்பது தடவை சுடுகிறார். மன்னிக்கலாம். அவர் கோட்டில் முதல் காட்சியில் ஆறு பொத்தான், சாகும் காட்சியில் ஐந்து. இதை மன்னிக்க முடியாது. ஆனால் காலை வெட்ட விடாமல் நின்றாரே, அவர் ஆண்பிள்ளை. இப்படிக்கு, டெய்லர் மாஸ்டர்."

மாலைக்குள் இருபத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். அவருக்குப் போகவிருந்ததும் ஒரு கட்டைவிரல்தான். அந்தப் பொருத்தம் அவர் கவனத்துக்கு வரவில்லை.

பக்கத்துக் கடை லாண்டரிக்காரர் விஷயம் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்க கருத்தைப் படிச்சேன். பொத்தானை எண்ணினீங்க பாருங்க, அது உங்களால மட்டும்தான் முடியும்."

"கண்ணு இருக்கில்ல?"

"கால்?"

"அதுவும் இருக்கு. இருக்கும்."

லாண்டரிக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தூக்கிய கையை மரியாதைக்காகத் தலையைச் சொறியப் பயன்படுத்தினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். தைத்துக்கொண்டிருந்த பொத்தானை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் மாஸ்டரின் கருத்துக்குக் கீழே ஒரு பதில் வந்தது. எழுதியவர் பெயர் 'நலம் விரும்பி'.

"ஐயா, உங்கள் கருத்து தவறு. விரல் போனால் என்ன, ஆள் வேண்டும். டாக்டர் சொல்வதைக் கேட்கவும். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய வெள்ளை மாத்திரையைக் காலையில் நீங்கள் போடவில்லை."

மாஸ்டர் இரண்டு தடவை படித்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"நலம் விரும்பி! கொஞ்சம் தண்ணி கொண்டா. மாத்திரை போடணும்."

உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. அவள் தண்ணீரோடு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"எனக்கு எதிரா கருத்தா? அதுவும் கள்ளப் பேர்ல? என் கடையில நூல் பிசகினா எத்தனாவது தையல்னு சொல்வேன். என்கிட்டயேவா?"

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. என் பேச்சைக் கேக்க மாட்டேங்கறீங்க. முகம் தெரியாதவங்க பேச்சைக் கேக்கறீங்க. அதான் முகம் தெரியாதவளா வந்தேன்."

மாஸ்டர் சிரித்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. வெந்நீர், பஞ்சு, புதுத் துணி எல்லாம் எடுத்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை இந்த வேலை. ஒவ்வொரு தடவையும் துணி ஒட்டிக்கொண்டு வரும். அவருக்கு வலிக்காது. வலிக்கிற முகம் அவளுடையது. வலிக்கவில்லையே என்றுதான் அவள் பயந்தாள்.

அதற்கப்புறம் அவள் சண்டை போடவில்லை. கெஞ்சவும் இல்லை. நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் காஜா வேலைக்கு நடுவே தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விடிந்து எடுத்தால் விளக்கு வைக்கும்வரை கீழே வைக்கவில்லை. ஒரு சட்டைக்கு ஆறு பொத்தான்தான் தைத்தாள். மாஸ்டர் எண்ணிப் பார்த்துவிட்டு, தோற்றுப்போனவளைத் திட்ட வேண்டாம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

"மாஸ்டர் சம்சாரத்துக்கும் போன் பைத்தியம் பிடிச்சிருச்சு போல" என்றார் லாண்டரிக்காரர்.

"பொழுது போகட்டும். பாவம்" என்றார் மாஸ்டர்.

ஆறாம் நாள் காலை. அவருக்கு லேசாகக் காய்ச்சல். கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் கட்டைப் பிரித்தாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"கறுத்துப் போச்சுங்க. இன்னும் ஒண்ணு."

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "இன்னும் ஒரு கருத்தா? யார் போட்டது? நம்மளை ஆதரிச்சா, எதிர்த்தா?"

"விரலுங்க. மூணாவது விரல்."

"நிழலா இருக்கும். ஜன்னலை மறைக்காம உக்காரு."

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். வெயில் நேராகப் பாதத்தில் விழுந்தது. மூன்றாவது விரல் கறுப்பாகத்தான் இருந்தது. மாஸ்டர் வேறு பக்கம் பார்த்தார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. அதன் விரல்களை எண்ணினார்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சரிங்க. நான் விட்டுட்டேன். உங்க இஷ்டம்."

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா ஒண்ணு. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, பொண்டாட்டி சரியாப் பாத்துக்கலன்னுதான் ஊர் என்னைப் பேசும். அதனால முடிவு உங்களோடதுன்னு நீங்களே அந்தப் படத்துக்குக் கீழ எழுதிடுங்க. எல்லாரும் படிக்கட்டும்."

மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இது நியாயமான பேச்சு. லாண்டரிக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். காய்ச்சலில் விரல் நடுங்கியதால் போனை அவரிடமே கொடுத்து எழுதச் சொன்னார்.

"எழுதுங்க. 'பெரிய காவலர் தம் காலுக்கு என்ன முடிவு எடுத்தாரோ, அதே முடிவுதான் என் காலுக்கும்.'"

"எழுதிட்டேன்."

அவள் குறுக்கிட்டாள். "'கடைசியில'ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமாங்க? 'பெரிய காவலர் கடைசியில் என்ன முடிவு எடுத்தாரோ'ன்னு. படிக்க இன்னும் கம்பீரமா இருக்கும்."

மாஸ்டர் யோசித்தார். கடைசியில். சாகும் தறுவாயில். நல்ல வார்த்தை. கோட்டுக்குக் காலர் வைத்த மாதிரி எடுப்பாக நின்றது.

"சேருங்க. அப்புறம், 'முப்பத்தொரு வருஷமாக நான் சொன்ன தேதி தவறியதில்லை, இந்தச் சொல்லும் தவறாது. இப்படிக்கு, டெய்லர் மாஸ்டர்'னு போடுங்க."

லாண்டரிக்காரர் போட்டார். அவள் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். 'கடைசியில்' இருந்தது. எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலை லாண்டரிக்காரர் கடையைத் திறக்காமல் நேராக இங்கே ஓடி வந்தார்.

"மாஸ்டர், பிரமாதம் பண்ணிட்டீங்க! எழுபத்து நாலு பேர் பாராட்டியிருக்காங்க. கேளுங்க. 'மாஸ்டர், ஆபரேஷனுக்குச் சம்மதிச்சதுக்குச் சல்யூட்.'"

"என்னது?"

"'எங்க அப்பாவும் இப்படித்தான் அடம் பிடிச்சார். உங்க கருத்தைக் காட்டினேன். சரின்னுட்டார். நன்றி, மாஸ்டர்.'"

"எதுக்குச் சரின்னார்?"

"இன்னொருத்தர். 'மரக்காலோட அவர் நிக்கிற அழகு! நீங்களும் அப்படி நிக்கணும், மாஸ்டர்.'"

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். "மரக்காலா? நெல் அளக்கிற மரக்காலா? படத்துல நெல்லே வரலியே?"

"மரத்துல செஞ்ச கால், மாஸ்டர். நானும் பாக்கல, எல்லாரும் சொல்றாங்க. பேர் எல்லாம் ஓடி முடிஞ்சதும் வருதாமே?"

"பேர் ஓடினா படம் முடிஞ்சதுன்னுதானே அர்த்தம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாண்டரிக்காரர் படத்தைத் தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோனார். தெருவில் பெரிய காவலர் விழுந்தார். இருட்டு. பெயர்கள் ஓடத் தொடங்கின. மாஸ்டருக்குத் தெரியாத எழுத்தில் நாலு நிமிஷம் இருபது விநாடி ஓடின. ஓடி முடிந்து மறுபடி வெளிச்சம் வந்தது. ஒரு வீட்டு முற்றம். கொடியில் துணி காய்கிறது. பெரிய காவலர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை பூட்ஸுக்குப் பாலிஷ் போடுகிறார். இன்னொரு கால் முழங்காலுக்குக் கீழே மரம். சின்னக் காவலர் கேட்கிறார்: "கடைசியில ரம்பத்துக்குச் சம்மதிச்சீங்களே, வருத்தமா?" பெரியவர் சொல்கிறார்: "பாலிஷ் போடற நேரம் பாதியாச்சு. அவ்வளவுதான்." உள்ளிருந்து ஒரு பெண் குரல் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறது. தட்டுத் தட்டென்று எழுந்து போகிறார்.



"இந்தக் காட்சி கணக்குல வராது" என்றார் மாஸ்டர்.

"ஏன் வராது?"

"படம் முடிஞ்சப்புறம் வருது. சட்டை கொடுத்தப்புறம் தைக்கிற மாதிரி."

"அதுலயும் அதே கோட்டுதானே போட்டிருக்கார்?"

மாஸ்டர் தம்மையறியாமல் பார்த்தார். ஆறு பொத்தான் இருந்தது.

"சரி, அந்தக் கருத்தை அழிச்சிடுங்க."

"அழிக்கலாம். ஆனா எழுபத்து நாலு பேர் படிச்சாச்சு. அந்த அப்பா வேற ஆஸ்பத்திரியில சேந்துட்டாராம். அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

மாஸ்டர் வாசல் பக்கம் பார்த்தார். மனைவி நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை. அதில் அவருடைய இரண்டு வேட்டி, டம்ளர், மாத்திரைப் பெட்டி, ஒரு போர்வை. நேற்றே கட்டி வைத்த பை. வெளியே ஆட்டோ நின்றது. அவள் தேதி தவறாத மனிதரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையைக் கொடு" என்றார் மாஸ்டர். ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் லாண்டரிக்காரரும் தாங்க, ஒற்றைச் செருப்போடு ஆட்டோவில் ஏறினார்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். இந்தத் தடவை உட்கார்ந்து பார்த்தார்.

"மூணு விரல் போகணும்."

"ரெண்டுன்னுதானே சொன்னீங்க?" என்றார் மாஸ்டர். "நான் நல்லா எண்ணி வெச்சிருக்கேன். ரெண்டு."

"அது போன வாரக் கணக்கு. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா எண்ண வேண்டிய வேலையே இருந்திருக்காது."

மாஸ்டர் மனைவியைத் தேடினார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. ஏழு நாள் துணி மாற்றியபோது அழாதவள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அவளை ஒரு தடவைகூடத் தேற்றிப் பழக்கமில்லை. சக்கரக் கட்டில் நகர ஆரம்பித்ததும் அவராகவே சொன்னார்:

"அந்த ஆறு பொத்தான் சட்டைக்கு நாளைக்குத் தேதி. ஏழாவதை மறக்காம தைச்சுக் கொடுத்துடு."

"தைக்கறேன்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே.

மூன்று விரலும் போயின. பாதம் நின்றது. காயம் ஆறியதும் மெஷின் மிதிக்கலாம், முன்பைவிட மெதுவாக என்று டாக்டர் சொன்னார். நாலாம் நாள் வலி தெரிய ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கப்புறம் அந்தக் காலில் தெரிந்த வலி. கணுக்காலுக்கு மேலேதான், ஆனாலும் வலி. மாஸ்டர் அதைக் குறித்துவைத்துக்கொண்டார். கட்டில் கம்பியில் பாதத்தை வைத்து மிதிப்பது போல மெல்ல அழுத்திப் பார்த்தார். பாதம் கீழே போய் வந்தது.  மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏய், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க." அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், அவருக்கில்லை, அவளுக்கு.

"பேர் ஓடினதுக்கப்புறம் அப்படி ஒரு காட்சி வரும்னு உனக்கு முன்னாடியே தெரியும். அதான் அந்தக் 'கடைசியில'. சரியா?"

"சரி."

"ஒன்பது தடவை சுட்டதை எண்ணினேன். ஏழு பேர் விழுந்ததை எண்ணினேன். பொத்தான் வரைக்கும் எண்ணினேன். என் கண்ணுக்குப் படாதது உன் கண்ணுக்கு எப்படிப் பட்டுச்சு? நீ எப்ப படத்தைப் பாத்தே?"

"நான் எங்க பாத்தேன்? எனக்குத் துப்பாக்கிச் சத்தமே ஆகாது."

"அப்புறம் எப்படி?"

அவள் ஒரு சுளையை வாயில் போட்டு, மென்று முடித்தாள்.

"முன்னூத்திப் பதினெட்டுக் கருத்து இருக்குன்னு நீங்க எண்ணினீங்க. நான் படிச்சேன்."